தண்ணீர் திறந்துவிடாத கடல்

கடலை வென்றவனே உலகை வென்றான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் காவிரி மண்ணிலிருந்து புறப்பட்டுத்தான் சோழன் கடாரம் வரை போய்ப் புலிக்கொடி நட்டான். அவனுக்குப் பிறகு அலைகளின் மீது ஏறி நிற்க ஒருவன் இந்த மண்ணில் பிறக்க வேண்டியிருந்தது. பிறந்துவிட்டான்.

இது ரெஜிஸ் எழுதிய வாசகம். ‘ஆழிவேந்தன்’ என்ற சர்ஃபிங் வீடியோ கேமைத் திறந்தால், முரசுச் சத்தத்தோடு திரையில் முதலில் வருவது இதுதான். சோழனாவது நாகப்பட்டினம் வரை போய்க் கப்பலேறினான். ரெஜிஸ் இந்த விளையாட்டுக்காகக் கடலைத் தேடிப் போன அதிகபட்சத் தூரம் காவிரியில் இருக்கும் முக்கொம்பு அணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுன் பஸ்ஸில், புளிசாதம் கட்டிக்கொண்டு.

கடலைப் பார்க்காதவர் என்று சொல்லிவிட முடியாது. வருடம் தவறாமல் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்தான். ஆனால் மற்றவர்கள் அலையில் கால் நனைக்கும்போது செருப்புகளையும் பைகளையும் காவல் காப்பது அவர் பொறுப்பு. திருடன் கரைப் பக்கமிருந்துதான் வருவான் என்பதால் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார்.

அவருடைய பேரலை ஸ்டூடியோ ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில், ஒரு வீட்டு மாடியில் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி, ஒரு ஃபேன், மூன்று பேர். ரெஜிஸ் நிறுவனர், தலைமைப் படைப்பாளர், கதை, வசனம், அலை. விசிட்டிங் கார்டில் இத்தனையும் போட்டதில் போன் நம்பருக்கு இடமில்லாமல் அது பின்பக்கம் போய்விட்டது. படம் வரைபவன் அஜித், பச்சைமலைக்காரன். இறங்கி வந்து காவிரியைப் பார்த்ததே அவனுக்குப் பெரிய விஷயம். கம்ப்யூட்டர் புரோகிராம் கோடு எழுதுபவள் வேணி, முசிறிப் பெண். எழுதியதை ஆடிப் பார்த்துக் குறைகளைக் குறித்துவைப்பதும் அவளே. அதற்காக டிசம்பரில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். மார்ச்சில் எண்பது பக்க நோட்டாகவே வாங்கிவிட்டாள்.

ரெஜிஸ் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். ஆறு மாத விடுப்பில் இருந்தார். சர்ச்சின் பங்கு இளைஞர் மன்றக் கூட்டத்தில் அதைப் ‘படைப்பு விடுப்பு’ என்று அவர் குறிப்பிட்டபோது நாலைந்து பேர் கைதட்டினார்கள். விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. ஜூன் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, ஒன்று ராஜினாமாக் கடிதத்தோடு போக வேண்டும், இல்லையென்றால் சாக்பீஸ் எடுக்கப் போக வேண்டும். துறைத் தலைவர் பாக்கியநாதனுக்கு முகவரியிட்ட ராஜினாமாக் கடிதம் நான்கு பக்கத்தில் தயாராக இருந்தது. அதிலும் சோழன் வந்திருந்தான்.

“முதலாம் தேதி காலேஜுக்குப் போறீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க,” என்றாள் மனைவி ரோசரி. அவள் ஸ்கூல் டீச்சர். ஆமா இல்லை என்று பதில் வராத எதையும் அவள் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

“ரோசரி, வரலாறு என்னைக்கும் தேதி சொல்லிட்டு வர்றதில்ல.”

“அப்ப அந்தத் தேதிக்கு டிபன் கட்டி வெக்கறேன்.”

வேணியின் நோட்டில் முதல் குறை அலையைப் பற்றியது. ரெஜிஸின் அலை பாடப்புத்தக அலை. பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் போட்ட அதே நெளிவு. ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஏழு விநாடிக்கு ஒன்று. ஏழு எண்ணிப் பட்டனைத் தட்டினால் போதும். ஒருநாள் வேணி வலது கையால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் தட்டி உலக சாம்பியன் ஆனாள். டிபன் பாக்ஸைக் கழுவி வைப்பதற்குள் இரண்டாவது முறையும் ஆகியிருந்தாள்.

அடுத்தது, கடலுக்கு அக்கரை இருந்தது. அஜித் காவிரியைப் பார்த்து வரைந்தவன். தண்ணீர் என்றால் இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை. இந்தக் கரையில் படித்துறையும் போட்டிருந்தான்.

“சார், கடலுக்கு அக்கரை தெரியாது சார்,” என்றாள் வேணி.

“ஏன் தெரியாது? இலங்கை என்னவாம்?”

“அது கண்ணுக்குத் தெரியாதுல்ல சார்.”

“உன் கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? விசுவாசம்னு ஒண்ணு இருக்கு வேணி.”

வேணி நோட்டில் ‘அக்கரை’ என்று எழுதி, பக்கத்தில் ‘விசுவாசம்’ என்று குறித்துக்கொண்டாள்.

அந்தக் கடல் வலமிருந்து இடமாக ஓடியது. அலையில் ஏறியவன் கரைக்கு வராமல் கிழக்கே கல்லணைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தான். திரும்பப் புறப்பட்ட இடத்துக்கு எப்படி வருவான் என்று வேணி கேட்டதற்கு ரெஜிஸ் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “பஸ் விடு” என்றார். அஜித் அழகான ஒரு டவுன் பஸ் வரைந்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வீரன் போர்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பான். பஸ் வர நாற்பது விநாடி ஆகும். கண்டக்டர் போர்டுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்பார்.

சுற்று தொடங்குவதற்கு முன் சைரன் ஒலிக்கும். “கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்று அறிவிப்பு வரும். அது ரெஜிஸின் குரல். முக்கொம்பில் ஷட்டர் திறக்கும்போது அப்படித்தான் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். வீரனின் முகமும் ரெஜிஸின் முகம்தான். மூக்குக்கண்ணாடி, மீசை, பேண்டுக்குள் இன் செய்த முழுக்கைச் சட்டை. எவ்வளவு பெரிய அலை அடித்துப் புரட்டினாலும் கண்ணாடி விழாது, சட்டை நனையாது.

மீன் கிடையாது. முதலில் இருந்தது. மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர், “அசைவம் மாத்திரம் மாடிக்கு வரப்படாது” என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தவர். ஒருநாள் தண்ணீர் மோட்டார் விஷயமாக ஏறி வந்தார். திரையில் ஒரு வஞ்சிரம் துள்ளுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.  மறுநாள் கடலில் இருந்த மீன்களையெல்லாம் ரெஜிஸே எடுத்துவிட்டார்.

ஆனால் அவர் மிகவும் பெருமைப்பட்ட அம்சம் வேறொன்று. கடல் உண்மையாக இருக்க வேண்டும், அன்றைக்கு இயற்கை எப்படி இருக்கிறதோ விளையாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். அதற்குத் தினமும் புள்ளிவிவரம் வேண்டுமே?

“பேப்பர்ல தெனமும் போடறான் பாரு,” என்று செய்தித்தாளை விரித்துக் காட்டினார். “மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். கடலோட நீர்மட்டத்தை எவனாவது போடறானா? இந்தக் கணக்கை அதுல கோத்துடு. தண்ணிக்குத் தண்ணி.”

“சார், அப்படிப் பண்ணா மே மாசத்துல...”

“வேணி. குறை சொல்றது யாருக்கும் ஈசி. படைக்கறதுதான் கஷ்டம்.”

வேணி கோத்துவிட்டாள். கோத்துவிட்டு, தான் ஆடிப் பார்க்கும் போதெல்லாம் விளையாட்டின் தேதியைப் போன வருட ஆடிப் பதினெட்டு என்று வைத்துக்கொண்டாள். அன்றைக்கு எப்படியும் தண்ணீர் இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் பெங்களூரிலிருந்து இம்தியாஸ் என்பவர் பேசினார். வீடியோ கேம்களை வாங்கி வெளியிடும் ஒரு கம்பெனிக்காரர், பூர்வீகம் வாணியம்பாடி. ரெஜிஸ் அவரிடம் முக்கால் மணி நேரம் சோழர்களைப் பற்றிப் பேசியிருந்தார். இம்தியாஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “சார், எனக்குக் கடலைப் பத்தித் தெரியாது. நெசமாவே சர்ஃபிங் பண்றவர் ஒருத்தர் ஆடிப் பார்த்துட்டு, இது கடல் மாதிரியே இருக்குன்னு வீடியோல சொல்லட்டும். நம்ம இன்ஷா அல்லா ஜூன்ல வெளியிட்டுருவோம்.”

சர்ஃபரும் கிடைத்தார். பெயர் கிளமென்ட். கோவளத்துப் பக்கம் மீனவக் குப்பத்துப் பையனாகக் கட்டுமரத்தில் தொடங்கி, இப்போது மாநில அளவில் இரண்டு கோப்பை வாங்கியவர். அவருடைய அக்காவை இங்கேயே பாலக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மே கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு மணி நேரம் வந்து போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ரெஜிஸ் மாடிப்படி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார். ‘அலைகடலின் அரசனே வருக’ என்று போட்டு, ஒரு மூலையில் கிளமென்ட் படம். மீதி இடத்தில் கைகட்டி வானத்தைப் பார்க்கும் ரெஜிஸ். அரசன் யார் என்பதில் வருகிறவருக்கே குழப்பம் வரும்படி இருந்தது. பொன்னாடை வாங்கினார். கிளமென்ட் வீடியோவில் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் தானே எழுதினார். ‘இருபது ஆண்டுகளாகக் கடலோடு உறவாடும் நான், இன்றுதான் கடலைக் கண்டேன்’ என்று தொடங்கியது.

கிளமென்ட் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெயிலும் உப்பும் தின்று செம்பட்டையாகிப்போன தலைமுடி, ரப்பர் செருப்பு, கையில் அக்கா கொடுத்தனுப்பிய ஒரு பை முறுக்கு. ரெஜிஸ் பொன்னாடை போர்த்தி, இருபது நிமிடம் வரவேற்புரை ஆற்றினார். மே மாத மாடி வெயிலில் பொன்னாடைக்குள் கிளமென்ட் வெந்துகொண்டிருந்தார். அஜித் பரிதாபப்பட்டு ஃபேனை அவர் பக்கம் திருப்பினான்.

“பிரதர், இனி நான் பேச மாட்டேன். என் கடல் பேசும்,” என்று முடித்தார் ரெஜிஸ்.

வேணி விளையாட்டைத் திறந்தாள். முரசு கொட்டியது, சோழன் வந்து போனான். கடல் வரப்போகும் நேரத்தில் ரெஜிஸின் கண் திரை ஓரத்தில் இருந்த தேதியில் பட்டது.

“இதென்ன, ஆடிப் பதினெட்டு?”

“சார், அது டெமோவுக்கு வெச்சது சார். அப்படியே இருக்கட்டும்.”

“பொய்த் தேதியா? பிரதர், நம்ம கேம்ல ஒரு ஸ்பெஷாலிட்டி. இந்த நிமிஷம் இயற்கை எப்படியோ இங்கயும் அப்படியே. உலகத்துல வேற எவனும் இதைப் பண்ணல. வேணி, இன்னைக்குத் தேதியைப் போடு.”

“சார், வேண்டாம் சார்.”

“போடும்மா. லைவா பார்க்கட்டும்.”

 வேணி நோட்டை மூடி வைத்துவிட்டு, இன்றைக்குத் தேதியைப் போட்டாள்.

திரை வெளுத்தது. பிறகு மணல் வந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மணல். தூரத்தில் அக்கரையை ஒட்டி ஒரு கோடு போல ஈரம், அதில் இரண்டு மாடு. நாணல் புதர், உடைந்த பானை, காய்ந்த மாலை. படித்துறையின் கடைசிப் படியில் இன் செய்த சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக, கையில் சர்ஃபிங் போர்டோடு ஆழிவேந்தன் நின்றுகொண்டிருந்தான்.



“கடல் எங்க சார்?” என்று கேட்டார் கிளமென்ட்.

ரெஜிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.   அவருக்காக அஜித்தான், மிகுந்த மரியாதையோடு, பதில் சொன்னான்.

“மேட்டூர்ல இன்னும் தொறக்கலைங்க. ஜூன் பன்னெண்டுக்கு மேல வந்தீங்கன்னா பார்க்கலாம்.”

கிளமென்ட் திரையைப் பார்த்தார், அஜித்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கடல் வற்றி அவர் பார்த்ததில்லை. நல்ல மனிதர், சிரிக்கவில்லை. கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, “சரி, எறங்கித்தான் பார்ப்போமே,” என்று பட்டனைத் தட்டினார். ஆழிவேந்தன் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் நடக்க ஆரம்பித்தான். ஷூவில் மணல் ஏறும் சத்தம்கூட வந்தது. அஜித் சேர்த்தது.

ஐம்பதடி போனதும் நாலைந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். டென்னிஸ் பந்து, மணலில் நட்ட மூன்று குச்சி. கோடையில் காவிரிக்குள் பார்த்ததை அஜித் அப்படியே வரைந்திருந்தான். ரெஜிஸ் மூன்று தடவை அழிக்கச் சொல்லியிருந்தார். அவன் மூன்று தடவையும் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு, ஓய்ந்த நேரத்தில் வேணியை நச்சரித்து அதற்குக் கோடு எழுத வைத்திருந்தான். ஒரு பையன் ஆழிவேந்தனைப் பார்த்து, “அண்ணே, ஆளு பத்தல. ஒரு ஓவர் நிக்கிறீங்களா?” என்றான்.

“நிக்கட்டுமா?” என்று கேட்டார் கிளமென்ட்.

“அதெல்லாம் பேக்ரவுண்டு பிரதர், விட்டுடுங்க...” என்று ரெஜிஸ் சொல்லி முடிப்பதற்குள் கிளமென்ட் பட்டனைத் தட்டிவிட்டார். ஆழிவேந்தன் போர்டைத் தலைகீழாகப் பிடித்து பேட்டாக ஊன்றினான்.

முதல் பந்து மணலில் குத்தி எழும்பவே இல்லை. இரண்டாவது, காலுக்கடியில் இருந்த ஏதோ ஒரு சிப்பியில் பட்டு எகிறி மூக்குக்கண்ணாடியை உரசியது. மூன்றாவதை கிளமென்ட் தூக்கி அடித்தார். பந்து அக்கரைக்குப் போய் வாழைத்தோப்பில் விழுந்தது. பையன்கள் குதித்தார்கள். மாடு நிமிர்ந்து பார்த்தது. “சிக்ஸு!” என்று கத்தினார் கிளமென்ட். பொன்னாடை எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

“ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு மாதிரி வருதே!”

“மணல்ல அப்படித்தாங்க வரும்,” என்றான் அஜித்.

“பந்து தொலைஞ்சா?”

“அடிச்சவங்கதாங்க போய் எடுக்கணும்.”

“கரெக்டு! எங்க ஊர்லயும் அதான்.”

ரெஜிஸ் அவர்களுக்கு நடுவில் தலையை நீட்டி, “வேணி, ஆடி... ஆடியைப் போடு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“இருங்க சார், இந்த ஓவர் முடியட்டும்,” என்றார் கிளமென்ட். அந்த ஓவருக்குப் பிறகு இன்னும் ஏழு ஓவர் ஆனது. முறுக்குப் பை பிரிக்கப்பட்டது. கிளமென்ட் அறுபத்து நாலு ரன்னில், மாடு குறுக்கே வந்ததால் ரன் அவுட் ஆனார்.

அப்புறம்தான் ஆடிப் பதினெட்டு வந்தது. சைரன் ஒலித்தது. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குப் போகும்படி ரெஜிஸின் குரல் கேட்டுக்கொண்டது. தண்ணீர் வந்தது. கிளமென்ட் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, தொழில்காரரின் கவனத்தோடு முதல் அலையில் ஏறினார். இரண்டாவது அலையில் புருவத்தைச் சுருக்கினார். மூன்றாவது அலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தார். நூறு புள்ளி வந்தது.

“சார், அந்தாண்ட தெரியுதே, அது என்ன கரை?”

“இலங்கை,” என்றார் ரெஜிஸ்.

“இலங்கையில மலைக்கோட்டை இருக்கா சார்?”

அக்கரையை உற்றுப் பார்த்தார் ரெஜிஸ். தென்னைகளுக்கு மேலே உச்சிப்பிள்ளையார் கோயில் தெளிவாகத் தெரிந்தது. ஆறு மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

“மீனே காணோமே சார்?”

“ஹவுஸ் ஓனர் ஒத்துக்கலைங்க,” என்றான் அஜித்.

சுற்று முடிந்து, ஆழிவேந்தன் பஸ்ஸுக்கு நின்றான். நாற்பது விநாடி நால்வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

“நாங்க பஸ்ல ஏற மாட்டோம் சார்,” என்றார் கிளமென்ட் மெதுவாக. “போர்டு மேல படுத்து, கையாலயே தள்ளிக்கிட்டு மறுபடி உள்ள போவோம்.”

“பஸ் வசதி இல்லீங்களா அங்க?” அஜித்துக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. “எங்க ஊரு மாதிரிதான் போல.”

ரெஜிஸ் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். “பிரதர், சின்னச் சின்னக் குறை எந்தக் காவியத்துலயும் இருக்கும். நீங்க இதை மட்டும் படிச்சிடுங்க. ரெண்டே நிமிஷம்.” தாளை அவர் முன் நீட்டினார். “திங்கக்கிழமை நான் ஒரு முடிவு எடுத்தாகணும். உங்க வார்த்தையிலதான் இருக்கு பிரதர்.”

கிளமென்ட் தாளை வாங்கி முழுவதும் படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க அப்பா, சித்தப்பா எல்லாரும் இந்த வீடியோவைப் பார்ப்பாங்க. இதைப் படிச்சேன்னா என்னைய மறுபடி கடல்ல எறங்க விட மாட்டாங்க. நானே எனக்குத் தோணினதைச் சொல்றேன்.”

வேணி கிளமென்ட்டின் போனை வாங்கிப் பிடித்தாள். கிளமென்ட் முடியைக் கோதிக்கொண்டு பேசினார்.

“வணக்கம். நான் கிளமென்ட். இந்த கேம்ல கடல் இல்ல. அலை ஒண்ணு வருது, அதையே திருப்பித் திருப்பி உடுறாங்க. மீனு இல்ல. ஆனா தண்ணி வத்துனப்புறம் ஒரு கிரிக்கெட் வருது பாருங்க, செம. நான் அறுபத்து நாலு அடிச்சேன். மாடு மட்டும் வரலைன்னா நூறு போயிருக்கும்.”

சொன்ன ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டேகால் மணி நேரம் இருந்துவிட்டு, அஜித்தின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். வேணியிடம் நம்பர் கேட்டு, வீடியோவை அவரே இம்தியாஸுக்கு அனுப்பிவிட்டார். கூடவே விளையாட்டை வேணி அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இம்தியாஸ் கூப்பிட்டார். ரெஜிஸ் ஹாலில் நின்று பேசினார். ரோசரி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள், அணைக்கவில்லை.

“சார், வீடியோ பார்த்தோம். ஆபீஸ் பசங்க எல்லாரும் அந்த மணல் கிரிக்கெட்டைத்தான் ஆடிட்டு இருக்காங்க. மாஷா அல்லா, ரொம்ப நல்லா வந்திருக்கு. நம்ம எடுத்துக்கறோம்.”

ரெஜிஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ரோசரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“நன்றிங்க. அது என் நீண்டநாள் சிந்தனை. வறட்சிங்கறது மனித வாழ்க்கையோட...”

“அந்த கிரிக்கெட்டை யார் சார் பண்ணது?”

“டீம்தான். என் வழிகாட்டுதல்ல.”

“அஜித்தும் வேணியும்னு கிளமென்ட் சொன்னார். அவங்க ரெண்டு பேரையும் பத்தாம் தேதி பெங்களூர் வரச் சொல்லுங்க சார். உங்க பேரை ஐடியா கொடுத்தவர்னு போட்டு, உங்களுக்கு உண்டான பணத்தையும் கொடுத்துடறோம்.”

“சர்ஃபிங்?”

“அதை எடுத்துருவோம் சார். கடல் ரொம்ப எடம் அடைக்குது.”

“அந்த வீரன் முகம்...”

“அது யாருன்னு தெரியல சார், ஆபீசர் மாதிரி ஒருத்தர். அதையும் மாத்திருவோம்.”

 இம்தியாஸ் போனை வைத்துவிட்டார்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் ரோசரி.

“எடுத்துக்கறாங்க.”

“சரி. நாளைக்குக் காலேஜா, இல்லையா?”

ரெஜிஸ் போனைச் சட்டைப் பையில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார்.

“லெமன் சாதம் கட்டிடு,” என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். கோடை விடுமுறை முடிந்த முதல் நாள். கையெழுத்துப் போட ஆசிரியர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள், பாக்கியநாதன் உட்பட. ரெஜிஸ் நடையில் தளர்ச்சி இல்லை. ஒரு பெரும் படைப்பை முடித்துவிட்டு, மாணவர் நலன் கருதித் தானாகவே திரும்பி வந்தவர் போலத்தான் வந்தார். பேனாவை எடுத்தபோது, அலுவலகக் கண்காணிப்பாளர் நல்லதம்பி பதிவேட்டின் மேல் கையை வைத்தார்.

“சார், நீங்க மெடிக்கல் லீவுல போயிருக்கீங்க. ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும்.”

“நல்லதம்பி, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு எழுதினது. உங்களுக்கே தெரியும்.”

“எனக்கு என்ன சார் தெரியும்? ஃபைல்ல இருக்கறதுதான் எனக்குத் தெரியும்.” நல்லதம்பி ஃபைலை எடுத்துப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வரிசை முழுவதுக்கும் கேட்கும்படி வாசித்தார். வாசிப்பதென்றால் அவருக்குச் சத்தமாகத்தான் வரும். “கடுமையான மூல நோய் காரணமாக உட்கார இயலாத நிலையில் இருப்பதால், ஆறு மாத காலம் ஊதியமில்லா விடுப்பு. உங்க கையெழுத்துதானே சார்?”

ரெஜிஸ் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பார்த்துவிட்டுத்தான் போட்டார்.